மென்பொருள் எழுதும் கணினிக்குக் கட்டுப்படியாகும் பிராசசரைத் தேர்ந்தெடுப்பது எப்படி

கோவை காந்திபுரத்திலோ ஈரோட்டிலோ ஒரு கணினிக் கடைக்குள் நுழைந்து, புரோகிராம் எழுதுவதற்கு ஒரு சிஸ்டம் வேண்டும் என்று கேட்டால், முதலில் வரும் பதில் பெரும்பாலும் "ஐ7 போட்டுக்குங்க, அஞ்சு வருசத்துக்குக் கவலையே இல்லீங்க" என்பதாகத்தான் இருக்கும். கடைக்காரர் அதைக் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. வாங்கிப் போனவர் திரும்பி வந்து குறை சொல்லக் கூடாது என்பதே அவருடைய கணக்கு. ஆனால் கையில் இருக்கும் தொகைக்கு ஓர் எல்லை உண்டு என்னும்போது, பிராசசரில் கூடுதலாகப் போடும் ஒவ்வோர் ஆயிரமும் ரேமிலிருந்தோ எஸ்எஸ்டியிலிருந்தோ குறைத்த ஆயிரம்தான். ஐ7 பிராசசரும் 8 ஜிபி ரேமும் கொண்ட கணினி, ஐ5 பிராசசரும் 32 ஜிபி ரேமும் கொண்ட கணினிக்கு முன்னால் மென்பொருள் வேலையில் திணறவே செய்யும்.

சரவணம்பட்டியிலும் கீரணத்தத்திலும் உள்ள பெரிய நிறுவனங்களில் வேலை செய்பவர்களுக்கு அலுவலகமே லேப்டாப் கொடுத்துவிடுகிறது. அவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்குச் சம்பளக் கணக்கு மென்பொருள் எழுதித் தரும் இரண்டு மூன்று பேர் கொண்ட அலுவலகங்கள், வீட்டிலிருந்து வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கு வேலை செய்பவர்கள், கல்லூரியின் இறுதி ஆண்டில் இருப்பவர்கள் என்று சொந்தக் காசில் கணினி வாங்குவோரை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: வேகமான ஆறு கோர்கள் (பிராசசருக்குள் தனித்தனியே வேலை செய்யும் பகுதிகள்) கொண்ட நடுத்தர விலைப் பிராசசர் பெரும்பாலானோருக்குப் போதும், அதற்கு மேல் மிஞ்சும் பணம் ரேமுக்குப் போக வேண்டும். ஏன் அப்படி என்பதையும், யாருக்கு இது பொருந்தாது என்பதையும் கீழே பார்க்கலாம்.

காத்திருப்பில் இரண்டு வகை

மென்பொருள் எழுதுபவர் கணினிக்காகக் காத்திருக்கும் நேரத்தை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். எடிட்டரில் ஒரு புள்ளியைத் தட்டியதும் பரிந்துரைப் பட்டியல் திறப்பது, ஒரு ஃபங்ஷன் எழுதப்பட்ட இடத்துக்குத் தாவுவது, கோப்பைச் சேமித்ததும் பிரௌசரில் பக்கம் புதுப்பிக்கப்படுவது, ஒரே ஒரு டெஸ்டை மட்டும் ஓட்டிப் பார்ப்பது ஆகியவை சிறு காத்திருப்புகள். இவை ஒரு நாளில் நூற்றுக்கணக்கான முறை நடக்கின்றன. முழு புராஜெக்டையும் புதிதாக பில்டு செய்வது (எழுதிய நிரலை ஓடக்கூடிய வடிவமாக மாற்றுவது), எல்லா டெஸ்டுகளையும் ஓட்டுவது, டாக்கர் இமேஜ் (நிரலையும் அது ஓடத் தேவையானவற்றையும் சேர்த்துக் கட்டிய பொதி) கட்டுவது ஆகியவை பெரிய காத்திருப்புகள். இவை எப்போதாவது நடப்பவை, நடக்கும்போது எழுந்துபோய்த் தேநீர் குடித்துவிட்டு வரலாம்.

கணினி தட்டியதும் பதில் தருகிறதா என்ற உணர்வு முதல் வகையிலிருந்தே பிறக்கிறது. பதில் 0.1 நொடிக்குள் வந்தால் அது உடனடியாகத் தோன்றும், 1 நொடி வரை சிந்தனையின் ஓட்டம் அறுபடாது, 10 நொடியைத் தாண்டினால் கவனம் வேறு பக்கம் போய்விடும் என்று பயன்பாட்டு வடிவமைப்பு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 1993-இல் வகுத்த எல்லைகள் இன்றும் பொருந்துகின்றன. இந்தச் சிறு வேலைகளில் பெரும்பாலானவை ஒரே கோரில் ஓடுபவை. டைப்ஸ்கிரிப்ட் என்ற நிரல்மொழிக்கு எடிட்டரின் பின்னால் ஓடும் மொழிச் சேவை நீண்ட காலமாக ஒற்றை த்ரெட்டையே (ஒரே வேலைத் தொடரையே) நம்பியிருந்தது. வழக்கமான பைத்தான் நிரலும் ஒரு நேரத்தில் ஒரு கோரில்தான் ஓடும். பில்டின் இறுதியில் துண்டுகளை இணைக்கும் லிங்க் கட்டமும் பல கருவிகளில் அப்படித்தான். ஆகவே பிராசசரில் 16 கோர் இருந்தாலும் அவற்றில் 15 கோர்கள் இந்த நேரத்தில் சும்மா இருக்கும். எஞ்சிய அந்த ஒரு கோர் எவ்வளவு வேகமானது என்பதே கேள்வி. (மைக்ரோசாஃப்ட் 2025 மார்ச்சில் டைப்ஸ்கிரிப்ட் கம்பைலரை (நிரலை மாற்றித் தரும் கருவியை) கோ மொழிக்கு மாற்றி எழுதுவதாக அறிவித்து, ஏறத்தாழ பத்து மடங்கு வேகத்தைக் காட்டியது. எந்த பிராசசரும் ஒரு தலைமுறையில் தராத வேகம் அது. கருவியை மாற்றுவது சில நேரம் கணினியை மாற்றுவதைவிட மலிவு.)

பெரிய காத்திருப்புகளில் கோர்களின் எண்ணிக்கை உதவும், ஆனால் ஓர் அளவு வரைதான். ஒரு பனியன் கம்பெனியில் தையல் மெஷின்களை எத்தனை கூட்டினாலும், கட்டிங் மாஸ்டர் ஒருவரே என்றால் அவர் வெட்டித் தரும் வேகத்தைத் தாண்டி உருப்படி வெளியே வராது. இதையே ஜீன் ஆம்டால் 1967-இல் கணக்காகச் சொன்னார். ஒரு பில்டில் நான்கில் ஒரு பங்கு வேலை ஒன்றன்பின் ஒன்றாகத்தான் நடக்க முடியும் என்று வைத்துக்கொண்டால், 6 கோர்களில் அது ஒற்றைக் கோரைவிடச் சுமார் 2.7 மடங்கு வேகத்தில் முடியும். 12 கோர்களில் 3.2 மடங்கு, 16 கோர்களில் 3.4 மடங்கு. எத்தனை கோர் போட்டாலும் 4 மடங்கைத் தாண்டாது. ஆறிலிருந்து பதினாறுக்குப் போக நீங்கள் கொடுக்கும் விலையையும் கிடைக்கும் லாபத்தையும் அருகருகே வைத்துப் பாருங்கள்.

இதற்கு நேர்மாறான வேலைகளும் உண்டு. ஆண்ட்ராய்டு இயங்குதளத்தையே முழுமையாகக் கம்பைல் செய்ய, 72 கோர் கொண்ட இயந்திரத்தில் ஏறத்தாழ 40 நிமிடமும், அதே அளவு ரேமுடன் கூடிய 6 கோர் இயந்திரத்தில் ஏறத்தாழ 6 மணி நேரமும் ஆகும் என்று கூகுள் தன் வழிகாட்டியில் குறிப்பிட்டிருக்கிறது. கோர்கள் 12 மடங்கு, வேகம் 9 மடங்கு. இங்கே கோர் வாங்குவது வீணில்லை. பெரிய சி++ அல்லது ரஸ்ட் புராஜெக்டுகளில் வேலை செய்பவர்கள் இந்தப் பக்கம் சேர்ந்தவர்கள். ஆனால் கடைக்கு டெலிவரி ஆப் எழுதுபவர் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவைப் பயன்படுத்துகிறார் என்பதாலேயே இந்தக் கணக்கில் வந்துவிட மாட்டார். ஒரே மாட்யூலாக எழுதப்பட்ட சிறிய ஆப்பில், பிரித்துக் கொடுக்க வேலையே அதிகம் இருக்காது.

வாங்குவதற்கு முன் இப்போதைய கணினியைப் பாருங்கள்

இந்த ஒரு வேலையைச் செய்யாமல் யாரும் கடைக்குப் போக வேண்டாம். உங்கள் பழைய கணினியிலேயே, வழக்கமாகச் செய்யும் வேலையைத் தொடங்கிவிட்டு, விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் சிபியு வரைபடத்தின் மேல் வலது சொடுக்கிட்டு, லாஜிக்கல் பிராசசர்களாகக் காட்டும்படி மாற்றுங்கள். ஒரே பெரிய கட்டமாக இருந்தது இப்போது எட்டோ பன்னிரண்டோ சிறு கட்டங்களாகப் பிரியும். லினக்ஸில் எச்டாப் என்ற கருவி இதே காட்சியைத் தரும்.

பில்டு ஓடும்போது எல்லாக் கட்டங்களும் மேல் விளிம்பைத் தொட்டு, பில்டு முடியும்வரை அங்கேயே நின்றால், கூடுதல் கோர்கள் உங்களுக்குப் பயன்படும். ஒரு கட்டம் மட்டும் உச்சியில் நிற்க, அல்லது உச்சி ஒரு கட்டத்திலிருந்து அடுத்ததற்குத் தாவிக்கொண்டே இருக்க, மற்றவை தரையோடு கிடந்தால், உங்களுக்குத் தேவை வேகமான கோர், அதிகமான கோர் அல்ல. இரண்டும் இல்லாமல் எல்லாக் கட்டங்களும் பாதியில் அலைந்துகொண்டிருக்க, டிஸ்க் 100 சதவீதத்தில் நின்றால், குற்றவாளி பழைய ஹார்ட் டிஸ்க் அல்லது மலிவான எஸ்எஸ்டி. மெமரி 90 சதவீதத்தைத் தாண்டி, அதே நேரம் டிஸ்கும் ஓய்வின்றி ஓடினால், ரேம் போதாமல் கணினி டிஸ்கை நினைவகமாகப் பயன்படுத்துகிறது என்று பொருள். இந்த நிலையில் எந்த பிராசசரை வாங்கினாலும் அதே மந்தம் தொடரும். கணினி மந்தம் என்று சொல்பவர்களிடம் இந்தக் கட்டங்களைப் பார்க்கச் சொன்னால், பிராசசர் குற்றமற்றதாக வெளியே வருவது அடிக்கடி நடக்கிறது.

பில்டுக்கு ஆகும் நேரத்தையும், ஒரு வரியை மட்டும் மாற்றிவிட்டு மறுபடி பில்டு செய்ய ஆகும் நேரத்தையும் தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள். நாள் முழுதும் நீங்கள் காத்திருப்பது இரண்டாவதற்குத்தான்.

பெயரில் உள்ள எண்ணும் எழுத்தும்

ஐ3, ஐ5, ஐ7 என்ற பெயர்கள் ஒரே தலைமுறைக்குள், ஒரே வகைக் கணினிக்குள் மட்டுமே ஒப்பிடத்தக்கவை. ஐ3-என்305 என்ற பிராசசரில் 8 கோர் உண்டு, ஆனால் எட்டும் மின்சிக்கனத்துக்கான சிறு கோர்கள். ஐ3-12100 என்ற டெஸ்க்டாப் பிராசசரில் நான்கே கோர்கள், நான்கும் முழு வேகக் கோர்கள். எடிட்டர் வேலையில் பின்னதே முந்தும். இன்டெல் 12-ஆம் தலைமுறை முதல் பெரிய கோர்களையும் சிறு கோர்களையும் கலந்து தருவதால், விளம்பரத்தில் "10 கோர்" என்று கண்டால், அவற்றில் பெரியவை எத்தனை என்று கேட்பது அவசியம். டெஸ்க்டாப் ஐ5-13400-இல் பெரியவை 6, சிறியவை 4. லேப்டாப்பில் வரும் ஐ5-1235யு-வில் பெரியவை 2, சிறியவை 8. இரண்டுமே 10 கோர்தான். இப்படிக் கலந்த பிராசசருக்கு விண்டோஸ் 11 அல்லது புதிய லினக்ஸ் கெர்னல் இருப்பது நல்லது. எந்த வேலையை எந்தக் கோருக்குக் கொடுப்பது என்ற விவரம் விண்டோஸ் 10-க்குச் சரியாகத் தெரியாது.

ஏஎம்டியின் லேப்டாப் பெயர்கள் இன்னும் வழுக்கலானவை. ரைசன் 7000 வரிசையில் மூன்றாவது இலக்கமே உள்ளே இருக்கும் வடிவமைப்பைச் சொல்கிறது. ரைசன் 5 7520யு என்றால் மூன்றாவது இலக்கம் 2, அதாவது 2019-இல் வந்த ஜென் 2 வடிவமைப்பின் நான்கு கோர்கள். ரைசன் 5 7530யு என்றால் ஜென் 3, ஆறு கோர்கள். பெயரில் ஒரே இலக்க வித்தியாசம், வேலையில் பெரிய வித்தியாசம். கடையில் இரண்டின் மேலும் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் ஒன்றே.

அடுத்து எழுத்துகள். இன்டெலில் எஃப் என்று முடிந்தால் உள்ளமைந்த கிராபிக்ஸ் இல்லை. தனி கிராபிக்ஸ் கார்டு வாங்காமல் திரையில் எதுவும் தெரியாது. கே என்றால் ஓவர்கிளாக் செய்யலாம் (வகுத்த வேகத்துக்கு மேல் ஓட்டலாம்), கூலர் தனியாக வாங்க வேண்டும். மென்பொருள் வேலைக்கு இது தேவையில்லாத செலவு. டெஸ்க்டாப் ஏஎம்டியில் ஜி என்றால் சற்றுப் பெரிய கிராபிக்ஸ் உள்ளே இருக்கிறது.

கேஷ் (பிராசசருக்குள்ளேயே உள்ள சிறு நினைவகம்) அளவையும் பாருங்கள். கம்பைலர் போன்ற நிரல்கள் நினைவகத்தில் சிதறிக் கிடக்கும் தரவை ஓயாமல் தொட்டுக்கொண்டிருப்பவை. அது பிராசசருக்குள்ளேயே இருந்தால் ரேம் வரை போய்வரும் நேரம் மிச்சம். ரைசன் 5 5600-இல் எல்3 கேஷ் 32 எம்பி. அதன் தம்பிபோல் தோன்றும் 5500-இலும் 5600ஜி-யிலும் 16 எம்பி. ரைசன் 7 5700எக்ஸ்-இல் 32, எக்ஸ் இல்லாத 5700-இல் 16. கடைக்காரர் "ரெண்டும் ஒண்ணுதானுங்க" என்று சொல்லும் இடம் இது, ஒன்றல்ல.

ஏஐ பிசி என்ற பெயரில் வரும் தனிச் சில்லுக்காகக் கூடுதல் விலை கொடுப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. கம்பைல் வேலைக்கு அது உதவாது. நிரல் எழுத உதவும் பெரும்பாலான ஏஐ சேவைகள் இணையத்தின் மறுமுனையில் உள்ள சர்வர்களில் ஓடுகின்றன.

எதை வாங்கலாம்

விலை வாரத்துக்கு வாரம் மாறும் என்பதால் ரூபாய்க் கணக்கை இங்கே எழுதவில்லை. பிராசசர், மதர்போர்டு, ரேம் மூன்றின் மொத்த விலையை மட்டுமே ஒப்பிடுங்கள். பிராசசர் மலிவாக இருந்து, அதற்குரிய போர்டும் ரேமும் விலை ஏறிக் கிடந்தால் லாபம் இல்லை. 2025-இன் பிற்பகுதியில் ரேம் விலை கடுமையாக ஏறியதிலிருந்து, பல பட்டியல்களில் பிராசசரைவிட ரேமே கனமான வரியாக நிற்கிறது. பழைய கணினியில் நல்ல டிடிஆர்4 (டிடிஆர்5-க்கு முந்தைய வகை) ரேம் இருந்தால் அதைத் தூக்கி எறியாமல், அதை ஏற்கும் பிராசசரைத் தேடுவது கெட்டிக்காரத்தனம்.

கையில் இருப்பது மிகக் குறைவு என்றால் ஐ3-12100 மோசமில்லை. 4 கோர், 8 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடக்கூடிய வேலைத் தொடர்கள்), 12 எம்பி கேஷ். வெப் பக்கங்கள், பிஎச்பி, பைத்தான், சிறிய ஜாவா வேலை எழுதுபவருக்கு எடிட்டரில் இதன் வேகம் ஐ5-க்கு அருகிலேயே இருக்கும், ஏனென்றால் கோரின் வடிவமைப்பு ஒன்றே. எமுலேட்டரும் (கணினியில் ஓடும் போலி ஃபோன்) ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவும் பிரௌசரும் சேர்ந்து ஓடும்போதுதான் நான்கு கோர் போதாமல் போகும்.

பெரும்பாலானோருக்கு நான் சொல்வது ஐ5-12400. இதில் 6 பெரிய கோர்கள், 12 த்ரெட், 18 எம்பி கேஷ். சிறு கோர்களே இல்லாததால் எந்த வேலை எந்தக் கோருக்குப் போயிற்று என்ற குழப்பமும் இல்லை. உள்ளேயே கிராபிக்ஸ் இருப்பதால் தனி கார்டு வேண்டாம். டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டில் எதையும் ஏற்கும் பிராசசர் என்றாலும், ஒரு போர்டு இரண்டில் ஒன்றைத்தான் ஏற்கும். எச்610 அல்லது பி660, பி760 போர்டுகளில் டிடிஆர்4 வகையைக் கேட்டு வாங்கலாம். எச்610 மலிவு, ஆனால் அதில் ரேமுக்கு இரண்டு இடங்கள் மட்டுமே உண்டு என்பதை நினைவில் வையுங்கள். இரண்டு மானிட்டர் வைக்கப் போகிறவர்கள், போர்டின் பின்புறத்தில் அதற்கான துளைகள் இருக்கின்றனவா, அவற்றில் ஒன்று பழைய விஜிஏ-வா என்று பார்த்தே வாங்க வேண்டும். ஐ5-13400, 14400 ஆகியவை விலையில் அருகில் கிடைத்தால் அவற்றையும் எடுக்கலாம். நான்கு சிறு கோர்கள் முழு பில்டில் கொஞ்சம் கைகொடுக்கும்.

ரைசன் 5 5600 இதே தரத்தில் நிற்பது, கேஷ் அதிகம், ஆனால் கிராபிக்ஸ் இல்லை. ஏற்கெனவே கிராபிக்ஸ் கார்டோ ஏஎம்4 (ஏஎம்டியின் முந்தைய சாக்கெட், அதாவது பிராசசரைப் பொருத்தும் இடம்) போர்டோ வைத்திருப்பவருக்கு இதுவே சிக்கனம். பழைய பி450 போர்டில் பொருத்தும் முன் பயாஸை (கணினியைத் தொடங்கி வைக்கும் போர்டின் நிரலை) புதுப்பித்தாக வேண்டும். ஏஎம்4 போர்டு வைத்திருந்து சி++ எழுதுபவர், போர்டையும் ரேமையும் அப்படியே வைத்துக்கொண்டு 8 கோர் ரைசன் 7 5700எக்ஸ்-க்குப் போகலாம்.

கொஞ்சம் நீட்டிச் செலவிட முடிந்தால் ரைசன் 5 7600. ஆறே கோர்கள்தான், ஆனால் ஒவ்வொன்றும் 5.1 கிகாஹெர்ட்ஸ் வரை போகும் ஜென் 4 கோர். திரைக்குப் போதுமான சிறிய கிராபிக்ஸும் உண்டு. டிடிஆர்5 கட்டாயம் என்பது இதன் பாரம். ஏஎம்5 சாக்கெட்டை 2027-க்கும் அப்பால் தொடர்வதாக ஏஎம்டி சொல்லியிருப்பதால், சில ஆண்டுகள் கழித்துப் பிராசசரை மட்டும் மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது. 12-ஆம் தலைமுறை இன்டெல் போர்டில் அந்த வழி 14-ஆம் தலைமுறையோடு முடிந்துவிடுகிறது.

இணையத்தில் மதிப்பெண்களைப் பார்ப்பவர்கள் கேம் ஓட்டிய பட்டியல்களை விட்டுவிட்டு, லினக்ஸ் கெர்னலைக் கம்பைல் செய்த நேரத்தையும், கீக்பெஞ்ச் 6-இன் ஒற்றைக் கோர் எண்ணையும் பாருங்கள். கீக்பெஞ்சில் கிளாங் கம்பைலரை ஓட்டும் தனிச் சோதனையே உண்டு. ஒற்றைக் கோரில் பத்து சதவீத வித்தியாசம் கைக்குத் தெரியாது. அதற்காகப் பணம் கொடுக்க வேண்டாம்.

ரேம் 16 ஜிபிக்குக் குறையக் கூடாது, முடிந்தால் 32. பெரிய சி++ கோப்புகளை இணையாகக் கம்பைல் செய்யும்போது ஒவ்வொன்றும் ஒரு ஜிபிக்கு மேல் எடுக்கக்கூடும், அப்போது 12 த்ரெட் இருந்தும் ரேம் இல்லாமல் பாதியைத்தான் ஓட்ட முடியும். விண்டோஸில் டாக்கர் ஓட்டுபவருக்குப் பின்னால் டபிள்யுஎஸ்எல் (விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் வசதி) இயங்குகிறது. அது இயல்பாகவே மொத்த ரேமில் பாதி வரை எடுத்துக்கொள்ளலாம். 16 ஜிபியில் பாதி போனால் எடிட்டரும் பிரௌசரும் மிச்சம் எட்டில் நெருக்கியடிக்க வேண்டும். ஒரே குச்சியாக வாங்காமல் இரண்டு குச்சிகளாகப் போடுங்கள்; இரு பாதைகளிலும் தரவு ஓடும், உள்ளமைந்த கிராபிக்ஸும் அதனால் பயனடையும்.

வெயில், பஞ்சு, மின்தடை

பிராசசர் தன் முழு வேகத்தில் எவ்வளவு நேரம் நிற்கும் என்பதை வெப்பம் தீர்மானிக்கிறது. பெரும்பாலான டெஸ்க்டாப் பிராசசர்கள் 90 முதல் 100 டிகிரி செல்சியஸை எட்டும்போது தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கூலரால் பிராசசரை அறைக் காற்றைவிடக் குளிர்விக்க முடியாது; அறை 26 டிகிரியாக இருந்தபோது 70-இல் நின்ற பிராசசர், அறை 38 ஆனால் ஏறத்தாழ 82-இல் நிற்கும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வரும் கோவையில் இதைப் பெரிதாக உணர மாட்டோம். சித்திரை, வைகாசியில் 40 டிகிரியைத் தாண்டும் ஈரோட்டிலும் கரூர் பரமத்தியிலும், ஏசி இல்லாத மாடி அறையில், இது கணக்கில் எடுக்க வேண்டிய விஷயம். ஐ5-12400 தன் உச்சத்தில் 117 வாட் எடுக்கும். ஐ9-14900கே 253 வாட் எடுக்கும். அந்த 253 வாட்டும் வெப்பமாக அதே அறைக்குள்தான் இறங்கும். பெட்டியோடு வரும் கூலரே போதும் என்ற நிலையில் இருக்கும் நடுத்தரப் பிராசசர், இந்த ஊர் வெயிலுக்கு இன்னொரு வகையிலும் தோதானது.

திருப்பூர், பல்லடம், சோமனூர்ப் பக்கம் இருப்பவர்களுக்குப் பஞ்சு ஒரு தனிப் பிரச்சினை. பனியன் கம்பெனிக்கோ தறிக்கூடத்துக்கோ பக்கத்து அறையில் ஓடும் கணினியில், பஞ்சுத் துகள் கூலரின் விசிறிக்கும் அதன் கீழே உள்ள அலுமினியத் தகடுகளுக்கும் இடையே போய்ப் படிகிறது. மேலே இருந்து பார்த்தால் விசிறி சுத்தமாகச் சுழல்வதுபோலத்தான் தெரியும். விசிறியைக் கழற்றினால்தான், தகடுகளின் மேல் ஒரு விரல் நகத்தின் தடிப்பில் சாம்பல் நிறப் படலம் கம்பளித் துண்டைப் போல முழுதாகப் பெயர்ந்து கையோடு வரும். காற்றுப் போக வழியே இல்லாமல் அந்தக் கணினி எத்தனையோ நாள் ஓடியிருக்கும், எழுதுபவர் புதிய பிராசசருக்கு விலை விசாரித்துக்கொண்டிருப்பார். சில மாதங்களுக்கு ஒருமுறை சிறிய ஊதுகருவியால் சுத்தம் செய்யுங்கள். ஊதும்போது விசிறி வேகமாகச் சுழன்று பேரிங் கெடாமல் இருக்க, இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். பட்டறையில் இருக்கும் ஏர் கம்ப்ரசரை நேரே காட்ட வேண்டாம். அதில் நீரும் எண்ணெயும் கலந்து வரும்.

மின்வாரியம் துணைமின் நிலையப் பராமரிப்புக்காக நாள் முழுதும் மின்சாரத்தை நிறுத்தும் நாள்கள் முன்கூட்டியே அறிவிக்கப்படுகின்றன. அன்று லேப்டாப்காரர்கள் தப்பித்துக்கொள்வார்கள். திடீர் மின்தடைக்கு டெஸ்க்டாப்புக்கு யுபிஎஸ் அவசியம். சாதாரண 600 விஏ யுபிஎஸ் சுமார் 360 வாட் வரை தாங்கும். கிராபிக்ஸ் கார்டு இல்லாத ஐ5 கணினியும் ஒரு மானிட்டரும் அதற்குள் அடங்கி, கோப்பைச் சேமித்து நிறுத்தச் சில நிமிடங்கள் தாராளமாகக் கிடைக்கும். வீட்டு இன்வெர்ட்டரில் இணைப்பவர்கள் அதன் சுவிட்சை யுபிஎஸ் நிலையில் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் மாறும் அந்த நொடியிலேயே கணினி அணைந்து எழும்.

பழைய இயந்திரங்கள்

நிறுவனங்கள் கழித்துவிடும் டெஸ்க்டாப்புகள் கோவையில் நிறையக் கிடைக்கின்றன, மாணவர்களுக்கு அவை நல்ல வழி. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 பெரும்பாலும் இன்டெல் 8-ஆம் தலைமுறையிலிருந்துதான் முறையாக ஏற்கிறது. எனவே ஐ5-8500-க்குக் கீழே போகாதீர்கள். முடிந்தால் 12 த்ரெட் கொண்ட ஐ5-10400. லினக்ஸ் மட்டும் போதும் என்பவருக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை, ஆனாலும் 4-ஆம் தலைமுறை ஐ7 என்று சொல்லி விற்பதை இன்றைய ஐ3 எளிதாகத் தாண்டிவிடும்.

13, 14-ஆம் தலைமுறை ஐ7, ஐ9 பிராசசர்களைப் பழையதாக வாங்குவதைத் தவிர்க்கவே சொல்வேன். அவற்றில் பல, தேவைக்கு மேல் மின்னழுத்தம் போனதால் நிலைகுலைந்ததை இன்டெலே ஒப்புக்கொண்டு, 2024 ஆகஸ்டில் மைக்ரோகோட் (பிராசசருக்குள் இருக்கும் அடிப்படை நிரல்) திருத்தம் வெளியிட்டது. ஏற்கெனவே பழுதுபட்டதை அந்தத் திருத்தம் சரிசெய்யாது.

வாங்கும்போதும் வாங்கிய அன்றும்

பிராசசரை முத்திரை உடையாத பெட்டியில் வாங்குங்கள். பெட்டியோடு வருவதற்கு நிறுவனத்தின் மூன்று ஆண்டு வாரண்டி உண்டு. ட்ரே என்று தனியாக விற்பதற்குக் கடைக்காரரின் வாக்குறுதி மட்டுமே உண்டு. பில்லை ஜிஎஸ்டியோடு கேளுங்கள். பதிவு பெற்ற சிறு நிறுவனம் என்றால் உங்கள் எண்ணையும் அதில் எழுதச் சொல்லுங்கள், 18 சதவீத வரியை உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுக்கலாம். 13 அல்லது 14-ஆம் தலைமுறையை எச்610 போர்டில் போடுவதானால், அந்தப் போர்டின் பயாஸ் அதை அறியுமா என்று கடையிலேயே இயக்கிக் காட்டச் சொல்ல வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் முதலில் பயாஸுக்குள் போய் இரண்டைப் பாருங்கள். ரேம் தன் அறிவிக்கப்பட்ட வேகத்தில் ஓட எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ இயக்கப்பட்டிருக்க வேண்டும். எமுலேட்டருக்கும் டாக்கருக்கும் தேவையான வர்ச்சுவலைசேஷன் (ஒரு கணினிக்குள் இன்னொன்றை ஓட்டும் வசதி) இயக்கப்பட்டிருக்க வேண்டும். ஏஎம்டி போர்டுகளில் இது எஸ்விஎம் மோட் என்ற பெயரில் ஒளிந்திருக்கும், பலவற்றில் அணைந்தே வரும். பிறகு, குறித்து வைத்த அதே பில்டைப் புதிய கணினியில் ஓட்டி நேரத்தை ஒப்பிடுங்கள். ஓடும்போது வெப்பநிலை 85-ஐத் தாண்டினால் கூலர் சரியாக அமர்ந்ததா என்று அன்றைக்கே பாருங்கள்.

விண்டோஸில் ஒவ்வொரு சிறு கோப்பையும் வைரஸ் தடுப்பு நிரல் தொட்டுப் பார்ப்பதால் பில்டு இழுபடும். விண்டோஸ் 11-இல் குறைந்தது 50 ஜிபி ஒதுக்கி ஒரு டெவ் டிரைவை (மென்பொருள் எழுதுவோருக்கான தனி டிரைவை) உருவாக்கி, புராஜெக்டுகளை அதில் வைத்தால் இது குறையும். டபிள்யுஎஸ்எல்லில் வேலை செய்பவர் கோப்புகளை விண்டோஸ் டிரைவில் வைக்காமல் லினக்ஸின் உள்ளேயே வைக்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு, பிராசசரை மாற்றுவதால் கிடைக்கும் வேறுபாட்டைவிடப் பெரிதாக இருக்கும்.

கடைசியாக, பில்டு கருவிக்கு எல்லா த்ரெட்டையும் கொடுத்துவிடாதீர்கள். 12 த்ரெட் உள்ள பிராசசரில் இணை வேலைகளின் எண்ணிக்கையை 10 என்று அமைத்தால், பில்டு சில நொடி தாமதமாக முடியலாம். ஆனால் அது ஓடும்போதே எடிட்டரில் தொடர்ந்து எழுதலாம், பிரௌசரும் உறையாது.